கவலையா, அக்கறையா, ஆதங்கமா? சரியான சொல்லைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி, பெற்றோருக்கு அனுப்பிய சுற்றறிக்கையை, "உங்கள் பிள்ளையின் படிப்பு குறித்து நாங்கள் மிகுந்த கவலை கொண்டுள்ளோம்" என்று முடித்திருந்தது. மறுநாள் காலையில் பள்ளி வாசலில் தாய்மார்கள் பலர் வந்து நின்று, தங்கள் பிள்ளை எந்தப் பாடத்தில் தவறிவிட்டது என்று கலங்கிப்போய்க் கேட்டார்கள். பள்ளி சொல்ல வந்தது அக்கறையை. மொழிபெயர்த்தவர், ஆங்கிலத்தின் 'கன்சர்ன்' என்ற சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து வைத்துவிட்டார். அதைச் சரிபார்த்தவன் நான். என் கண்ணிலும் அது தப்பிவிட்டது.

அதன் பிறகு, புதிதாக மொழிபெயர்க்க வருபவர்களுக்கும் செய்தி எழுதப் பழகுபவர்களுக்கும் இந்தச் சொற்களைத் தனியாகவே கற்றுத்தருகிறேன். ஏறத்தாழ எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: கவலை, கலக்கம், பதற்றம், அச்சம், ஆதங்கம் ஆகியவற்றை ஒரே உணர்வின் கூடுதல் குறைவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு நிலைமையைச் சொல்பவை. ஆகவே நிலைமையை முதலில் தெளிவாக்கிக்கொண்டு, சொல்லைக் கடைசியில் தேட வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காக அமைந்தது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரும் அகராதி. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (முதற்பதிப்பு 1992, விரிவாக்கிய பதிப்பு 2008) இதற்குப் பொருத்தமானது. சொல்லுக்குப் பொருளோடு அது வாழும் வாக்கியத்தையும் தருகிறது, இலங்கை வழக்கையும் குறித்துக்காட்டுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் பழம்பொருள்களை அறிய உதவும்; ஆனால் இன்று ஒரு சொல் எந்த வினையோடு சேரும் என்பதை அதில் தேடிப் பயனில்லை.

இரண்டாவது தேவை ஒரு குறிப்பேடு. படிக்கும்போது கண்ணில் படும் முழு வாக்கியத்தையும் அதில் எழுதி வையுங்கள். 'கலக்கம்' என்று தனிச்சொல்லாக எழுதிவைத்தால் ஒரு மாதம் கழித்து அதனால் ஒரு பயனும் இருக்காது. 'தேர்வு முடிவு வெளிவரும் நாளில் அவன் முகத்தில் கலக்கம் தெரிந்தது' என்று எழுதிவைத்தால் அது உதவும்.

ஒத்தபொருட்சொல் பட்டியலை மட்டும் இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். சொற்களை அருகருகே அடுக்கிக்காட்டும் பட்டியல், அவற்றை ஒன்றுக்கு ஒன்று மாற்றி வைக்கலாம் என்ற எண்ணத்தை வளர்த்துவிடுகிறது.

2. உணர்வின் பெயரைச் சொல்லாமல் நிலைமையை எழுதுங்கள்

சொல்ல வந்ததை, உணர்ச்சிப் பெயர் எதுவும் இல்லாமல் ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். யாருக்கு, யாரைப் பற்றி, என்ன நடந்தது அல்லது என்ன நடக்கலாம், அவரால் ஏதாவது செய்ய முடியுமா என்பவை அந்த வரியில் வர வேண்டும்.

'மகன் இரவு பத்து மணி ஆகியும் வரவில்லை; கைப்பேசி அணைந்திருக்கிறது; தாய் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறாள்.' இப்படி எழுதியபின் 'கவலை' என்ற சொல் தானாகவே போதாமல் போவதை உணர்வீர்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், இருப்புக்கொள்ளாமல் கழியும் இந்த இடைநேரத்துக்குத் தமிழில் 'தவிப்பு' என்று பெயர். இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள் எல்லாவற்றுக்கும் 'கவலை' என்றே எழுதுகிறார்கள். நான் திருத்தும் பக்கங்களில் அதுவே மிகுதியான பிழை.

3. முதலில் பிரிய வேண்டிய வழி: கவலையா, அக்கறையா

பழந்தமிழில் 'கவலை' என்பது கிளைபிரியும் வழிக்கும் பெயர். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும் அந்த நிலையை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தச் சொல் பிடிபடும். கவலை உள்ளுக்குள் நடப்பது. கவலைப்படுபவர் ஒன்றும் செய்யாமல் இருக்கலாம்.

அக்கறை வெளியே செல்வது. ஒருவர் மீதோ ஒரு வேலையிலோ மனம் வைத்து, அதற்காக ஏதாவது செய்வதையே அக்கறை என்கிறோம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த மனிதர் செயலில் இறங்குகிறாரா, மனத்துக்குள் வருந்துகிறாரா? மாணவர்கள் குறைவான மதிப்பெண் வாங்குவதை எண்ணி ஆசிரியர் தூக்கம் இழந்தால் அது கவலை. மாலையில் அவர்களை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தால் அது அக்கறை. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம், ஆனால் வாக்கியம் எதைச் சொல்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

வேற்றுமை உருபும் சொல்லுருபும் இதற்குத் துணை செய்கின்றன. கவலை 'பற்றி', 'குறித்து', 'நினைத்து' ஆகியவற்றோடு வரும். அக்கறை 'மீது', 'மேல்', 'இல்' ஆகியவற்றை விரும்பும். 'மகனைப் பற்றிக் கவலை', 'மகன் மேல் அக்கறை' என்று சொல்லிப் பாருங்கள். மாற்றிச் சொன்னால் 'மகன் மேல் கவலை' என்பது காதில் உறுத்தும்.

கரிசனம் அக்கறைக்கு அருகில் உள்ளது. அதில் கனிவு கூடுதல். கடமையாக அமைந்த ஒன்றுக்கு அக்கறை போதும். கடமை இல்லாத இடத்தில், பெரும்பாலும் எளியவரிடமோ நோயாளியிடமோ குழந்தையிடமோ காட்டும் இளகிய மனமே கரிசனம். நிறுவனத்தின் கணக்கு வழக்கில் மேலாளருக்கு அக்கறை இருக்கலாம், கரிசனம் இருக்க முடியாது. 'திடீர்க் கரிசனம்' என்றால் அது உண்மையானதுதானா என்ற ஐயத்தோடு சொல்வதாகப் பொருள்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இங்கே ஓர் எழுத்துப்பிழையைச் சொல்லாமல் விட முடியாது. 'அக்கறை' என்பதில் வல்லின 'ற' வரும். 'அக்கரை' என்றால் ஆற்றின் அந்தக் கரை; இக்கரைக்குப் பச்சையாகத் தெரிவது அதுதான். 'பொதுமக்கள் மீது அக்கரை' என்று தட்டிகளில் எழுதியிருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 'கன்சர்ன்' என்ற சொல் இருப்பதனாலேயே அங்கே உணர்ச்சி இருக்கிறது என்று பொருள் இல்லை. உரிய அதிகாரி, தொடர்புடைய துறை, என்னைப் பொறுத்தவரை, ஒரு வணிக நிறுவனம் ஆகிய அனைத்துக்கும் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லோ அதன் வடிவமோ வரும். தனிமனிதத் தகவல்களின் பாதுகாப்பைப் பற்றிய கட்டுரையில் அது வந்தால் பெரும்பாலும் 'ஐயப்பாடு' அல்லது 'அச்சம்' என்பதே பொருந்தும்.

4. நடந்ததா, நடக்கிறதா, நடக்கப்போவதா என்று கேளுங்கள்

அக்கறையின் வழியை விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டால், அடுத்த கேள்வி காலத்தைப் பற்றியது. இதற்கு விடை கண்டாலே பாதிச் சொற்கள் விலகிவிடும்.

வரப்போவதை நோக்கியவை கவலையும் அச்சமும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு: அச்சத்துக்கு ஒரு குறிப்பிட்ட தீங்கு கண்முன் இருக்கும். 'அணை உடையுமோ என்ற அச்சம்' என்கிறோம். கவலைக்கு அப்படி ஒன்று திட்டமாக இருக்க வேண்டியதில்லை. 'எதிர்காலத்தைப் பற்றிய கவலை' என்பதில் எந்தத் தீங்கும் பெயரிடப்படவில்லை. ஒருவருடைய அச்சம் ஊர் முழுவதும் பரவி, காரணத்தைக் கடந்துவிட்டால் அது பீதி.

நிகழ்காலத்தில் நடந்துகொண்டிருப்பது தவிப்பு. 'வெள்ளத்தில் சிக்கித் தவிக்கின்றனர்' என்று செய்தியில் எழுதுவது அதனால்தான். நேற்றைய வெள்ளத்தை எண்ணி இன்று தவிக்க முடியாது.

நடந்து முடிந்ததை நோக்கியவை வருத்தமும் ஆதங்கமும். வருத்தம் பொதுவானது. ஆதங்கம் அதைவிட நுட்பமானது: நடந்திருக்க வேண்டியது நடக்காமல் போனதைப் பற்றி உள்ளே அடைத்துவைத்திருக்கும் மனக்குறையே ஆதங்கம். 'இத்தனை ஆண்டுகள் உழைத்தும் ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்பது அவருடைய ஆதங்கம்.' அதனால்தான் ஆதங்கத்தைக் 'கொட்டுகிறோம்'. நெடுநாள் சேர்ந்தது என்பது அந்த வினையிலேயே தெரிகிறது. நாளைய தேர்வைப் பற்றி ஆதங்கம் என்று எழுதுவது தவறு.

ஏக்கம் காலத்தைவிட இன்மையைச் சார்ந்தது. இல்லாத ஒன்று வேண்டும் என்ற மனத்தின் இழுப்பு அது. தாயைப் பிரிந்த குழந்தையைப் 'பிள்ளை ஏங்கிப்போய்விட்டது' என்று கிராமங்களில் சொல்வார்கள். குழந்தைக்குப் பயமும் இல்லை, நாளையைப் பற்றிய நினைப்பும் இல்லை, ஆனால் அது மெலிந்துபோகிறது. இதைக் கவலை என்று எழுதினால் அந்தக் குழந்தையை நாம் சரியாகப் பார்க்கவில்லை என்றே ஆகும்.

5. அது உடம்பில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள்

தமிழில் மனத்துயரைச் சொல்லும் சொற்களில் பல, உடம்பிலோ நீரிலோ வேர் கொண்டவை. அந்த வேரை அறிந்தால் சொல்லைத் தவறாக ஆளும் வாய்ப்பு குறையும்.

உளைச்சல் என்பது முதலில் கை கால் உளைச்சல். ஓயாமல், மந்தமாக, நீடித்து வலிப்பது. மன உளைச்சலும் அப்படித்தான். நுகர்வோர் வழக்குகளில் 'மன உளைச்சலுக்கு இழப்பீடு' என்று தீர்ப்பாவதும் நீண்ட நாள் அலைக்கழிப்பைக் கருதித்தான். ஐந்து நிமிடம் பேருந்து தாமதமானதற்கு மன உளைச்சல் என்று எழுதாதீர்கள்.

கலக்கம் கலங்குவதிலிருந்து வந்தது. அடியில் படிந்திருந்த சேறு மேலே வந்து, தெளிந்த நீர் தெளிவை இழப்பது போல, ஒருவருடைய உறுதி குலைவது கலக்கம். ஆகையால் வழக்கமாக உறுதியாக இருப்பவர்களுக்கு இந்தச் சொல் மிகவும் பொருந்தும். கண் கலங்குவதும் அடிவயிறு கலங்குவதும் இதே குடும்பம்.

பதற்றம் கையிலும் காலிலும் தெரிவது. பதறுபவரால் சாவியைப் பூட்டுக்குள் நுழைக்க முடியாது. எண்ணம் வேகமாக ஓடி, செயல் தடுமாறும் நிலை அது. கூட்டத்துக்கும் ஊருக்கும் இது பொருந்துவதால் 'பதற்றமான வாக்குச்சாவடிகள்' என்று தேர்தல் செய்திகளில் எழுதுகிறோம். 'கவலையான வாக்குச்சாவடி' என்று யாரும் எழுதுவதில்லை. எழுதும்போது 'பதட்டம்' என்பதைத் தவிருங்கள். மாறு என்பதிலிருந்து மாற்றம், தடுமாறு என்பதிலிருந்து தடுமாற்றம், அதுபோல் பதறு என்பதிலிருந்து பதற்றம்.

சஞ்சலம் ஓரிடத்தில் நிலைக்காமல் அலைவது. முடிவெடுக்க முடியாதவரின் மனநிலைக்கு இது பொருந்தும்.

6. சொல்லோடு சேரும் வினையைத் தேர்ந்தெடுங்கள்

தேர்ந்த சொல் சரியாக இருந்தும் வாக்கியம் ஒட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் வினையே காரணம். எல்லாப் பெயரோடும் 'படு' சேர்த்துவிடலாம் என்ற பழக்கத்தை முதலில் விட வேண்டும்.

கவலைப்படு, வருத்தப்படு, ஆதங்கப்படு, அச்சப்படு ஆகியவை இயல்பானவை. 'கலக்கப்படு' என்று எழுதினால் யாரோ கரண்டியால் கலக்குவதாகப் பொருள் மாறிவிடும். அதற்குக் 'கலக்கமடை' அல்லது வெறும் 'கலங்கு'. 'உளைச்சல்படு' என்பது வழக்கில் இல்லை, உளைச்சலுக்கு ஆளாகிறோம். தவிப்புக்குத் 'தவி' என்ற வினையே போதும், பெயராக்கி மீண்டும் வினையாக்க வேண்டாம்.

அக்கறையைக் காட்டலாம், கொள்ளலாம், செலுத்தலாம். அச்சம் எழும், நிலவும். ஆதங்கத்தைத் தெரிவிக்கலாம், கொட்டலாம்.

'கவலைக்கிடம்' என்ற கூட்டுச்சொல்லைத் தனியாகக் கவனியுங்கள். கவலைக்கு இடமாக இருப்பது என்பதே அதன் அமைப்பு என்றாலும், வழக்கில் அது மருத்துவமனையோடு பிணைந்துவிட்டது. 'கவலைக்கிடமாக உள்ளார்' என்று படித்தவுடன் உயிருக்கு ஆபத்து என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். என்னிடம் பயிற்சி பெற்ற ஒருவர், 'சங்கத்தின் நிதிநிலை கவலைக்கிடமாக உள்ளது, செயலாளரும் அவ்வாறே' என்று எழுதிக்கொண்டுவந்தார். செயலாளர் கவலையோடு இருக்கிறார் என்பது அவர் கருத்து. அச்சுக்குப் போயிருந்தால் செயலாளர் வீட்டுக்கு உறவினர்கள் கிளம்பி வந்திருப்பார்கள்.

7. முடிவு வினையால் சோதித்துப் பாருங்கள்

இது நானாகக் கண்டுகொண்ட சோதனை. பல ஆண்டுகளாக எனக்குக் கைகொடுத்து வருகிறது. அந்த உணர்வு எப்படி முடிவுக்கு வரும் என்று கேளுங்கள். கவலை தீரும். பதற்றம் தணியும். அச்சம் நீங்கும். கலக்கம் தெளியும். துயரம் ஆறும். ஐயம் அகலும். பீதி அடங்கும்.

தீர்வது கடன்போல் ஒரு கணக்கு இருப்பது; தணிவது சூடுள்ளது; தெளிவது நீர் போன்றது; ஆறுவது புண் போன்றது. உங்கள் நிலைமைக்கு எந்த முடிவு வினை பொருந்துகிறதோ அதற்குரிய பெயரே பெரும்பாலும் சரியான சொல்லாக இருக்கும். கணவனை இழந்தவரின் நிலையைக் கவலை என்று எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது ஒருநாள் தீர்ந்துவிடுமா? தீராது, ஆற வேண்டும். அப்படியானால் சொல் துயரம்.

அக்கறைக்கு இப்படி முடிவு வினை இல்லை. அது குறையலாம், இல்லாமல் போகலாம். தீரவோ ஆறவோ செய்யாது. மூன்றாம் படியில் குழப்பம் மிஞ்சியிருந்தால் இங்கே அது வெளிப்பட்டுவிடும்.

8. சொல்பவரின் இடத்தையும் மதிப்பையும் கவனியுங்கள்

அங்கலாய்ப்பு, புலம்பல் ஆகிய சொற்கள் வருந்துபவரைச் சற்றுத் தாழ்த்திக் காட்டும். விளைச்சலுக்கு விலை கிடைக்காத விவசாயி தன் நிலையைச் சொன்னால் அதை 'அங்கலாய்த்தார்' என்று எழுதக் கூடாது. 'வேதனையுடன் தெரிவித்தார்' என்று எழுத வேண்டும். இது மொழிநடையைவிட நேர்மையைப் பற்றியது என்று நான் கருதுகிறேன்.

அறிக்கைகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு. 'கவலை தெரிவித்தல்' நிகழ்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்வது. 'கண்டனம் தெரிவித்தல்' குற்றம் சாட்டுவது. 'வருத்தம் தெரிவித்தல்' பெரும்பாலும் தன் செயலுக்குத்தான், அதுவும் மன்னிப்புக் கோருவதற்கு ஒரு படி குறைவானது. மன்னிப்புக் கேட்காதவரை மன்னிப்புக் கேட்டதாக எழுதினால் மறுப்பு வந்துசேரும். இறப்புக்கு 'இரங்கல்' என்ற சொல் இருக்கும்போது 'வருத்தம் தெரிவித்தார்' என்று எழுதினால், அந்தச் சாவில் அவருக்கும் பங்கு உண்டோ என்ற நிழல் விழுகிறது.

9. வாசகர் எந்த ஊர்க்காரர் என்று பாருங்கள்

இலங்கைத் தமிழில் இந்தச் சொற்கள் சில வேறு இடத்தில் நிற்கின்றன. யாழ்ப்பாணத்தில் 'அவருக்கு வருத்தம்' என்றால் அவர் நோயுற்றிருக்கிறார், 'வருத்தக்காரர்' நோயாளி. 'யோசிக்காதேங்கோ' என்பது கவலைப்படாதீர்கள் என்று தேற்றுவது. தமிழ்நாட்டுக்காரர் காதில் அது, சிந்திக்க வேண்டாம் என்று தடுப்பதாக விழும். 'அந்தரப்படாதேங்கோ' என்பதில் அவசரமும் மனத்தவிப்பும் சேர்ந்து இருக்கின்றன.

'கவலையீனம்' என்ற சொல் இலங்கை நாளிதழ்களில் விபத்துச் செய்திகளில் வரும். அது கவனக்குறைவையும் அலட்சியத்தையும் குறிப்பது. 'கவலையீனமாக வாகனம் செலுத்தியவர்' என்பதைத் தமிழ்நாட்டு வாசகருக்காக 'கவலையின்றி வாகனம் ஓட்டியவர்' என்று ஒருவர் மாற்றி எழுதியதைப் பார்த்திருக்கிறேன். குற்றம் செய்த ஓட்டுநர், நிம்மதியாக ஊர்வலம் போனவராக மாறிவிட்டார். 'கவனக்குறைவாக' என்பதே அங்கே வேண்டியது.

மனநலக் கட்டுரைகளிலும் இந்த வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் 'மனப்பதற்றம்' என்று எழுதும் இடத்தில் இலங்கையில் 'பதகளிப்பு' என்பார்கள். இருநாட்டு வாசகருக்கும் போகும் பிரதி என்றால் முதல் முறை வரும் இடத்தில் இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

10. உரையாடலில் பேசுபவரின் வாய்க்கு ஏற்ற சொல்லை வையுங்கள்

கதையிலும் நேர்காணலிலும் எழுத்துத் தமிழின் சொல்லைப் பேசுபவரின் வாயில் திணிக்காதீர்கள். மூத்தவர்கள் 'விசாரம்' என்பார்கள். 'என்னடா, விசாரமா உட்கார்ந்திருக்கே?' என்பதில் உள்ள விசாரம் மனக்கவலை. அதே வேரிலிருந்து வந்த 'விசாரணை' காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய்விட்டது. 'நலம் விசாரித்தல்' வீட்டிலேயே தங்கிவிட்டது. மூன்றையும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இளையவர்கள் 'டென்ஷன்' என்பார்கள். இதில் ஒரு கண்ணி உண்டு: 'மேனேஜர் டென்ஷன் ஆயிட்டார்' என்றால் அவர் கோபப்பட்டார் என்பதே பெரும்பாலும் பொருள். எழுத்துத் தமிழுக்கு மாற்றும்போது 'மேலாளர் பதற்றமடைந்தார்' என்று எழுதினால் நடந்ததே மாறிவிடும். 'ஃபீல் பண்ணாதே' என்பது வருத்தப்படாதே என்று பொருள்படும். உணராதே என்று மொழிபெயர்த்தவர்களும் உண்டு.

11. கடைசியாக, அந்தச் சொல் வேண்டுமா என்று பாருங்கள்

மேற்கண்ட படிகள் எல்லாம் முடிந்த பிறகு, தேர்ந்தெடுத்த சொல்லை எடுத்துவிட்டு வாக்கியத்தை வாய்விட்டுப் படியுங்கள். செய்தியிலும் அறிக்கையிலும் பெரும்பாலும் சொல் தேவைப்படும், ஏனென்றால் அங்கே நிலைப்பாடு தெளிவாகப் பதிவாக வேண்டும். கதையிலும் கட்டுரையிலும் அடிக்கடி அது மிகையாகத் தெரியும்.

இரண்டாம் படியில் எழுதிய வரியை மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'மகன் வராத கவலையில் தாய் தவிப்புடனும் கலக்கத்துடனும் காத்திருந்தாள்' என்று பயிற்சி பெற வந்த ஒருவர் எழுதியிருந்தார். மூன்று சொற்களும் தனித்தனியே தவறில்லை. சேர்ந்து நிற்கையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி எதுவும் தெரியாமல் போகிறது. அவரே ஒரு மணி நேரம் கழித்துத் திருத்திக்கொண்டுவந்த வரி இது: 'பத்து மணிக்கு மேல் அவள் மூன்று முறை சோற்றைச் சூடாக்கினாள்.' அதில் நான் எதையும் மாற்றவில்லை.